குவீன்ஸ்பேயா, லெபோ பசாரா? வாங்குவோர் பழக்கத்தை ஒப்பிட்டுப் பார்க்க முழுமையான வழிகாட்டி

"லிட்டில் இந்தியாவில் கூட்டமே இல்லை, எல்லாரும் குவீன்ஸ்பேக்குப் போய்விட்டார்கள்." மலேசியாவின் பினாங்குத் தீவில் கடை வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது; குவீன்ஸ்பே என்பது தீவின் தெற்குப் பக்கத்துப் பேரங்காடி. தீபாவளிக்கு முந்தின வாரம் ஜார்ஜ்டவுன் நகர மையத்து லிட்டில் இந்தியாவில், லெபோ பசார் தெருவில் கால் வைக்க இடமில்லை என்று சொல்பவர்களும் அவர்களேதான். இரண்டுமே பொய்யில்லை. ஆனால் இந்தப் பேச்சை நம்பிப் பேரங்காடியில் ஒரு கியோஸ்க் எடுப்பதா, நகரத்துக் கடையையே சீர்படுத்துவதா என்று முடிவெடுக்க முடியாது.

இந்த வழிகாட்டி புடவைக்கடை, மசாலைக்கடை, வளையல்கடை நடத்துகிறவர்களுக்கு. இதே விஷயத்தை ஆய்வாக எடுத்திருக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் பயன்படும். மூன்று பேர், கொஞ்சம் காகிதம், பென்சில், கடிகாரம் இருந்தால் போதும். காசு கொடுத்து ஆய்வு நிறுவனத்தை வைக்க வேண்டியதில்லை.

தொடங்குமுன் ஒரு விஷயம். இப்படிப்பட்ட ஒப்பீடுகள் பெரும்பாலும் கெட்டுப்போவது, "மால் ஆட்கள்", "டவுன் ஆட்கள்" என்று இரண்டு ரக மனிதர்கள் இருப்பதாக நினைத்துக்கொள்வதால்தான். குவீன்ஸ்பே பக்கத்துப் பாயான் பாருவில் குடியிருக்கும் ஓர் அக்கா சனிக்கிழமை பிள்ளைகளோடு போய் அந்தப் பேரங்காடியின் ஏயோன் கடையில் அரிசியும் சோப்பும் வாங்குவார். அடுத்த வெள்ளிக்கிழமை பூவும் வெற்றிலையும் வாங்க லிட்டில் இந்தியாவின் லெபோ குயினுக்கு வருவார். ஆள் ஒருவர்தான், வருகைதான் வேறு. ஆகவே ஆட்களை விட்டுவிட்டு வருகைகளை ஒப்பிடுங்கள். கீழே சொல்லும் எல்லாமே இதை வைத்துத்தான்.

முதல் படி: கேள்வியைச் சுருக்குங்கள்

"எங்கே கூட்டம் அதிகம்?" என்பது உருப்படியான கேள்வி இல்லை. பேரங்காடியில்தான் அதிகம் என்று விடை வரும், அதனால் உங்களுக்கு ஒரு பயனும் இருக்காது. உங்கள் தொழிலை ஒட்டிக் கேளுங்கள். "ஐம்பது வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, குறைந்த பண்டிகைச் சாமான்களை யார், எந்த நேரத்தில், எங்கே வாங்குகிறார்கள்?" என்பது நல்ல கேள்வி. "கல்யாணப் புடவைக்கு வருகிறவர்கள் முதலில் எங்கே பார்க்கிறார்கள், கடைசியில் எங்கே வாங்குகிறார்கள்?" என்பது அதைவிட நல்ல கேள்வி. ஒரு கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

இரண்டாம் படி: இரண்டு இடங்களும் எப்படி உண்டாயின என்று பாருங்கள்

இதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் எண்கள் கைக்கு வந்தபின் அவற்றுக்குப் பொருள் சொல்லப்போவது இதுதான்.

ஜார்ஜ்டவுன் நகர மையம் முன்பு அங்கேயே குடியிருந்தவர்களின் கடைத்தெரு. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுக்குள் வைத்திருந்தது. மாடியில் குடித்தனம், கீழே கடை. 1997இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. 2000 பிறந்ததும் வாடகை சந்தை விலைக்கு ஏற, பல குடும்பங்கள் வெளியேறின. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் நகரம் இடம்பெற்றபின் சுற்றுப்பயணிகள் பெருகினார்கள். படியிறங்கி வந்து கால் கிலோ பருப்பு வாங்கிப்போன வாடிக்கையாளர்கள் இப்போது ஆயர் ஈத்தாம், ரெலா போன்ற புறநகர்களிலிருந்து பஸ்ஸிலும் காரிலும் வர வேண்டியிருக்கிறது.

தெற்கே நடந்தது வேறு கதை. பாயான் லெப்பாஸில் 1972இல் தடையற்ற தொழிற்பேட்டை வந்தது. ஃபேக்டரி வேலையைத் தொடர்ந்து வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. 1985இல் பினாங்குப் பாலம் திறந்து, எதிரே பெருநிலத்திலுள்ள செபராங் பிறையிலிருந்து காரில் நேரே தீவுக்கு வர வழி செய்தது. 2006 கடைசியில் குவீன்ஸ்பே மால் திறந்தபோது, பாலத்திலிருந்து இறங்கிச் சற்றுத் தூரம் போனாலே எட்டிவிடக்கூடிய இடத்தில் அது இருந்தது. பெருநிலத்துப் பட்டர்வொர்த்திலிருந்து படகில் வருகிறவர் வெல்ட் கீ படகுத்துறையில் இறங்கி லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே வந்துவிடலாம். அதே பட்டர்வொர்த்துக்காரர் காரை எடுத்தால் பேரங்காடிதான் வசதி. எந்த வழியில் வந்தார் என்பதே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கேள்வித்தாளில் தேவைப்படும்.

மூன்றாம் படி: எல்லை, அலகு

பேரங்காடியின் எல்லை அதன் சுவர்தான். நகர மையத்தை அப்படிச் சொல்ல முடியாது. லிட்டில் இந்தியாவை எடுக்கப்போகிறீர்களா, கொம்தார் கோபுரம், பிராங்கின் மால் பக்கமா, சௌரஸ்தா சந்தையா? ஒவ்வொன்றும் வெவ்வேறு உலகம். ஒன்றை மட்டும் எடுங்கள். லெபோ பசார், லெபோ குயின், லெபோ பினாங் என்ற மூன்று தெருவும் சேர்ந்த பகுதி ஒரு சிறு குழுவுக்குப் போதும்.

அலகு என்று வரும்போது தலைகளை எண்ணுவதோடு குழுக்களையும் எண்ணுங்கள். பேரங்காடியில் தாத்தா முதல் கைக்குழந்தைவரை ஆறு பேர் ஒன்றாக வருவார்கள், பணப்பை ஒன்றுதான். தெருவில் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு மூன்று நிமிடத்தில் மாலை வாங்கிப் போவார். தலையை மட்டும் எண்ணினால் முதல் இடம் ஆறு மடங்கு பெரிதாகத் தெரியும்.

நான்காம் படி: நாளும் நேரமும்

ஒப்பீடு நிற்பதும் விழுவதும் இங்கேதான். நிதானமாகச் செய்யுங்கள்.

முதலில், பண்டிகை மாதங்களைத் தள்ளிவையுங்கள். தீபாவளி, தைப்பூசம், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் ஆகியவற்றுக்கு முந்தைய வாரங்களில் இரண்டு இடமும் தங்கள் இயல்பில் இருக்காது. பண்டிகை வியாபாரமே உங்கள் கேள்வி என்றால் அதைத் தனி ஆய்வாகச் செய்யுங்கள், சாதாரண நாள் எண்களோடு கலக்காதீர்கள். பள்ளி விடுமுறையும் அப்படித்தான்.

அடுத்தது சம்பளம். மாதக் கடைசியில் கையில் காசு இருக்கும், இருபதாம் தேதி வாக்கில் இருக்காது. இரண்டு இடத்தையும் மாதத்தின் ஒரே வாரத்தில் எடுங்கள். முடிந்தால் சம்பளம் வந்த வாரம் ஒரு முறை, வறண்ட வாரம் ஒரு முறை.

வெள்ளிக்கிழமை ஒரு பொறி. மதியம் ஒரு மணி வாக்கில் லெபோ பசார் முனையில் ஆண்கள் கூட்டமாக நடப்பதைப் பார்த்து வியாபாரம் என்று எண்ணிவிடாதீர்கள். அவர்கள் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்குத் தொழுகைக்குப் போகிறார்கள். திரும்பும்போது அவர்களில் சிலர் சாப்பிடவோ வாங்கவோ நிற்பார்கள், அது வேறு கணக்கு. அன்று மாலை லெபோ குயின் மகாமாரியம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள் பூக்கடையில் நிற்பார்கள், புடவைக்கடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகலாம். வேண்டுதலுக்கு வந்தவரிடம் போய் பட்டு விலை பேசக்கூடாது என்பது என் கருத்து.

ஞாயிற்றுக்கிழமை கொம்தார் பக்கம் போனால் நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார், இந்தோனேசியா என்று பல நாட்டுத் தொழிலாளர்கள் விடுமுறை நாளைக் கழிக்க வந்திருப்பார்கள். கைப்பேசி, துணி, ஊருக்குப் பணம் அனுப்புவது என்று அவர்களுக்கு உண்மையான தேவைகள் இருக்கின்றன, உண்மையான காசும் செலவாகிறது. அவர்களைக் கணக்கிலிருந்து ஒதுக்குவது தவறு. அதே நேரத்தில் பேரங்காடியில் நிற்கும் குடும்பங்களோடு ஒரே கட்டத்தில் போட்டாலும் ஒன்றும் விளங்காது. தனிப் பத்தி கொடுங்கள்.

சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் பயணக் கப்பல் நிற்கும் நாளையும் குறித்துவையுங்கள். கப்பலில் வந்தவர்கள் நடந்தே பழைய நகரத்துக்குள் நுழைந்துவிடுவார்கள். படம் எடுப்பார்கள், இளநீர் குடிப்பார்கள், பட்டுப்புடவை வாங்குவது அபூர்வம்.

அப்புறம் மழையும் வெயிலும். தெருவில் மதியம் ஒரு பக்கத்து அஞ்சடி (கடைமுன் கூரைபோட்ட நடைவழி) நிழலாக இருக்கும், மறுபக்கம் கொதிக்கும். ஒரு பக்கத்தை மட்டும் எண்ணினால் சூரியனைத்தான் அளந்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் எண்ணி, ஒவ்வொரு தாளின் மேலும் "வெயில்", "தூறல்", "மழை" என்று ஒரு சொல் எழுதுங்கள்.

சாதாரண வாரத்துக்கு இந்த அமைப்பு போதும்: ஒரு வாரநாள், வெள்ளி, சனி, ஞாயிறு. ஒவ்வொரு நாளும் முற்பகல், மதியம், மாலை, இரவு. பேரங்காடி இரவு பத்து வாக்கில்தான் சாத்தும், தெருவில் அதற்கு முன்பே பல கடைகள் கதவை இறக்கிவிடும். அந்தக் கடைசி நேரத்தை விட்டுவிடாதீர்கள். வேலை முடிந்து வருகிறவர்கள் வாங்குவதே அப்போதுதான்.

ஐந்தாம் படி: எண்ணுதல்

ஓர் இடத்தில் நின்று, எதிரே கற்பனையாக ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டுகிறவர்களைப் பத்து நிமிடம் எண்ணுங்கள். ஆறால் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கான மதிப்பீடு கிடைக்கும். ஒரு மணி நேரம் முழுக்க எண்ணுவதைவிட, பத்து நிமிடம் எண்ணி அடுத்த இடத்துக்கு நகர்வது நல்லது. களைத்த கண் தப்பாக எண்ணும்.

பேரங்காடியில் முன்வாசலில் மட்டும் நின்றால் ஏமாந்துபோவீர்கள். காரில் வருகிறவர்கள் நிறுத்துமிடத்திலிருந்து லிஃப்டில் ஏறி நேரே உள்ளே போய்விடுவார்கள். பஸ்ஸில் வருகிறவர்கள் வேறு வாசல். எல்லா வாயிலையும் ஒரே நேரத்தில் பிடிக்க ஆள் இல்லையென்றால், நீங்கள் கடை எடுக்க நினைக்கும் அந்த மாடி, அந்த நடைபாதையில் மட்டும் எண்ணுங்கள். உங்களுக்கு உண்மையில் வேண்டியதும் அதுதான்.

ஒரு விஷயம்: பேரங்காடி தனியார் இடம். நிர்வாகத்துக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து அனுமதி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அங்கே கடை வைத்திருக்கும் தெரிந்தவரின் கடைக்குள் இருந்து, அவர் சம்மதத்தோடு எண்ணுங்கள். தாளும் கையுமாக நடைபாதையில் நின்றால் காவலர் வந்து விசாரிப்பார், அவர் மேல் தப்பில்லை. தெருவில் அஞ்சடியில் நிற்பதற்கும் அந்தக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை.

ஆறாம் படி: நின்று பார்த்தல்

எண்ணிக்கை முடிந்ததும் நடத்தையைப் பாருங்கள். யார் கடைமுன் நிற்கிறார்கள், யார் உள்ளே நுழைகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், பொருளைத் தொட்டுப் பார்க்கிறார்களா, விலை கேட்கிறார்களா? அருகில் நின்று உற்றுப் பார்க்க வேண்டாம். யாரையும் படம் எடுக்கவும் கூடாது.

வாங்கினாரா இல்லையா என்று அறிய, கையில் பை இருக்கிறதா என்று பார்க்கும் முறை வெளிநாடுகளில் உண்டு. பினாங்கில் அதை நம்பாதீர்கள். 2009இல் திங்கட்கிழமைகளிலும், 2011 முதல் எல்லா நாளும் இலவச நெகிழிப்பை இல்லை என்று மாநில அரசு கொண்டுவந்ததிலிருந்து நம் மக்கள் வீட்டுப் பையோடுதான் கிளம்புகிறார்கள். உள்ளே போகும்போதே பை இருக்கும். அதற்கு மேல், மோட்டார் சைக்கிள் கூடையில் போடுகிறவர், காரில் காத்திருக்கும் கணவரிடம் கொடுத்துவிட்டு மறுபடி கடைக்குள் நுழைகிறவர் என்று பல ரகம். கல்லாப்பெட்டியைப் பாருங்கள். கடைக்காரர் ஒத்துழைத்தால் அந்த நேரத்து ரசீது எண்ணிக்கையே போதும்.

தெருவில் இன்னொன்றையும் கவனியுங்கள். உட்கார இடம் இருக்கிறதா, கழிவறை எங்கே, பிள்ளையோடு வந்தவர் எங்கே நிற்கிறார்? பேரங்காடியில் ஒரு குடும்பம் நான்கு மணி நேரம் இருப்பதற்கு ஏர்கோன், உணவகம், சினிமா, சூராவ் (தொழுகை அறை), கழிவறை எல்லாம் காரணம். நகரத்தில் மாமியார் கால் வலிக்கிறது என்று சொன்னால் ஷாப்பிங் அதோடு முடிந்தது. "டவுன் வாடிக்கையாளர் சீக்கிரம் கிளம்பிவிடுகிறார்" என்று எழுதுமுன், அவருக்கு உட்கார ஒரு நாற்காலி இருந்ததா என்றும் எழுதுங்கள்.

ஏழாம் படி: கேட்டல்

வெளியே போகிறவர்களிடம் கேளுங்கள். உள்ளே, அதுவும் உணவக மேசையில், பிடித்துக் கேட்டால் நீண்ட நேரம் இருப்பவர்களே அதிகம் மாட்டுவார்கள். மூன்று நிமிடத்தில் போய்விட்டவர் உங்கள் தாளில் வரவே மாட்டார். உங்கள் முடிவு பேரங்காடிக்குச் சாதகமாகச் சாய இது ஒன்றே போதும்.

சிரித்த முகமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். கோட்டைத் தாண்டும் ஒவ்வோர் ஐந்தாவது குழுவையும் அணுகுங்கள். மறுத்தால் "மறுத்தார், ஆண், அவசரம்" என்று குறித்துவிட்டு அடுத்த ஐந்தாவது. மறுத்தவர் எண்ணிக்கையும் ஒரு தகவல்தான்.

பேச்சு இயல்பாக இருக்கட்டும். "அக்கா, இரண்டே நிமிஷம். இன்னைக்கு எதுக்காக வந்தீங்க?" இப்படித் தொடங்கினால் பெரும்பாலும் நிற்பார்கள். வாடிக்கையாளர்கள் தமிழர் மட்டும் இல்லை, அதனால் மலாய், ஆங்கிலம் தெரிந்த ஒருவர் வேண்டும். சீனர்களின் ஹொக்கியன் மொழி பேசுகிறவர் ஒருவர் கிடைத்தால் பினாங்கில் பாதி வேலை சுலபம்.

கேள்விகள் எட்டைத் தாண்ட வேண்டாம். எங்கிருந்து, எப்படி வந்தீர்கள்? யாரோடு? எதற்காகக் கிளம்பினீர்கள்? முதலில் போன கடை எது? என்ன வாங்கினீர்கள்? சுமார் எவ்வளவு செலவு? தேடி வந்தும் கிடைக்காதது எது? கடைசியாக அந்தப் பக்கம், அதாவது டவுனில் கேட்டால் குவீன்ஸ்பேக்கு, அங்கே கேட்டால் லிட்டில் இந்தியாவுக்கு, எப்போது போனீர்கள், அங்கே என்ன வாங்கினீர்கள்?

கடைசி இரண்டும் தங்கம். மற்ற ஆறையும் யாரும் ஊகித்துவிடலாம். மாலில் நிற்கும் ஒருவர் "பூஜைச் சாமான் இங்கே கிடைக்கலை, அதுக்குன்னு தனியா டவுனுக்குப் போகணும்" என்று சொன்னால், அது ஒரு தொழில் வாய்ப்பு. டவுனில் நிற்பவர் "பார்க்கிங் தேடியே அரை மணி போச்சு, அதான் மாசத்துக்கு ஒரு தடவை மொத்தமா வாங்கிடறேன்" என்றால், அவருடைய குறைந்த வருகைக்கும் பெரிய ரசீதுக்கும் காரணம் கிடைத்துவிட்டது.

செலவுத் தொகையை நேராகக் கேட்டால் கூச்சப்படுவார்கள். 20 வெள்ளிக்குள், 20 முதல் 50, 50 முதல் 150, 150 முதல் 500, அதற்கு மேல் என்று ஓர் அட்டையைக் காட்டி விரலை வைக்கச் சொல்லுங்கள். பெயர், கைப்பேசி எண், அடையாள அட்டை எண் எதுவும் வேண்டாம். வணிகத்துக்காகத் தனிநபர் விவரம் திரட்டுவதற்கு மலேசியாவில் 2010ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. இந்த வேலைக்கு அந்த விவரம் தேவையும் இல்லை.

எத்தனை பேர்? ஓர் இடத்துக்கு நூறு பேரிடம் கேட்டால், விடை ஏறக்குறைய பத்து விழுக்காட்டுப் புள்ளி மேலோ கீழோ போகலாம். நானூறு பேர் என்றால் ஐந்து. ஆக, நூறு நூறு பேரிடம் கேட்டு அங்கே 52, இங்கே 45 என்று வந்தால் வித்தியாசம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. 70க்கு 40 என்றால் பேசலாம்.

எட்டாம் படி: கணக்கு

சராசரியை நம்பி இறங்காதீர்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் ஆளுக்கு 40 வெள்ளி செலவழிக்கிறார்கள், ஒருவர் 4,000 வெள்ளிக்குச் சங்கிலி வாங்குகிறார் என்று வையுங்கள். சராசரி 436 வெள்ளி. அந்தத் தொகையைச் செலவழித்தவர் அங்கே ஒருவர்கூட இல்லை. தொகைகளைச் சிறியதிலிருந்து வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுங்கள், அது 40. நகைக்கடைகள் நிறைந்த லிட்டில் இந்தியாவில் இது ரொம்ப முக்கியம்.

பிறகு மூன்று எண்களை அடுத்தடுத்து எழுதுங்கள்: கடந்தவர், நின்றவர், வாங்கியவர். கற்பனையாக ஒரு கணக்கு. மாலில் மணிக்கு 600 பேர் கடக்கிறார்கள், 30 பேர் நிற்கிறார்கள், 6 பேர் வாங்குகிறார்கள், ஆளுக்கு ஏறக்குறைய 25 வெள்ளி. தெருவில் 150 பேர், 18 பேர், 9 பேர், 60 வெள்ளி. கூட்டம் நான்கில் ஒரு பங்குதான், கல்லாவில் விழுவதோ மூன்று மடங்குக்கும் மேல். உங்கள் கணக்கு இதற்கு நேர்மாறாகவும் வரலாம், அதற்காகத்தான் இவ்வளவு பாடு.

புடவை, நகைக்கு ஒரு திருத்தம் தேவை. இன்று விலை கேட்டுவிட்டுப் போகிறவர் அம்மாவோடு இரண்டு வாரம் கழித்து வந்து வாங்குவார். "இதற்கு முன் இந்தக் கடைக்கு எத்தனை முறை வந்தீர்கள்?" என்று வாங்கியவரிடம் கேட்டால், வெறுங்கையோடு போனவர் எல்லாரும் தோல்வி இல்லை என்பது தெரியும். பழைய வாடிக்கையாளர்களின் கணக்கு நோட்டு உள்ள கடைகளில் அதையும் சேர்க்க வேண்டும்.

செலவுப் பக்கத்தில், மாலில் வாடகைக்கு மேல் பராமரிப்புக் கட்டணம், விளம்பரப் பங்கு, சில ஒப்பந்தங்களில் விற்பனையில் ஒரு விழுக்காடு என்றெல்லாம் இருக்கும். திறக்கும் நேரமும் அவர்கள் சொல்வதுதான். வீட்டில் விசேஷம் என்று கடையைச் சாத்த முடியாது, சம்பளத்துக்கு இரண்டு ஷிப்ட் ஆள் வேண்டும். தெருக்கடையில் அந்தச் சுதந்திரம் உண்டு, ஆனால் பழைய கூரை ஒழுகினால் வாளி வைப்பது நீங்கள்தான்.

ஒன்பதாம் படி: சிறிய அளவில் சோதியுங்கள்

தாளில் வந்ததை வைத்து மூன்றாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம். பேரங்காடியின் பொது இடத்தில் ஒரு வாரத்துக்குத் தற்காலிக மேசை வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். தீபாவளிக்கு முன் எடுத்தால் நன்றாக விற்கும், ஆனால் அது தீபாவளியைத்தான் சோதித்ததாகும். பண்டிகை எதுவும் பக்கத்தில் இல்லாத மாதமாகப் பாருங்கள்.

மேசையில் வாங்கும் ஒவ்வொருவருக்கும் டவுன் கடையில் ஐந்து வெள்ளி தள்ளுபடி என்று ஒரு பச்சைச் சீட்டு கொடுங்கள். டவுனில் வாங்குகிறவர்களுக்கு மால் மேசைக்கான மஞ்சள் சீட்டு. எந்த நிறம் எங்கே, எந்தக் கிழமை, எவ்வளவு பெரிய ரசீதோடு திரும்பி வருகிறது என்று கல்லாவில் இருப்பவர் குறித்துவரட்டும். மேசை ஒரு வாரத்தில் போய்விடும் என்பதால் மஞ்சள் சீட்டுக்கு அந்த வாரம்தான் கெடு, அதனால் முதல் நாளிலிருந்தே கொடுங்கள். பச்சைச் சீட்டுக்கு மூன்று மாதம் கொடுக்கலாம். கல்யாணப் புடவை விற்கிறவர்கள் ஆறு மாதம் கொடுங்கள், அந்த முடிவு எந்த வீட்டிலும் சீக்கிரம் எடுக்கப்படுவதில்லை.